எண்பதாம் தீர்க்கரேகை: ஓர் இடத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பூமியின் மேல் ஓர் இடத்தைக் குறிக்க அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்கள் போதும். திருவள்ளூர் ரயில் நிலையத்தை ஒட்டிய மணவாள நகர், ஏறத்தாழ வடக்கு 13.11 டிகிரியிலும் கிழக்கு 79.91 டிகிரியிலும் இருக்கிறது. ஆனால் இந்த எண் இணை ஒரு புள்ளியைத்தான் தரும். புள்ளிக்குப் பரப்பு கிடையாது. ஒரே பகுதியைச் சேர்ந்த தகவல்களைத் திரட்டவும், கோப்பில் அடுக்கவும், தொலைபேசியில் பிழையில்லாமல் சொல்லவும் பரப்புள்ள ஓர் அலகும் அதற்கொரு பெயரும் வேண்டும். அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் நிலத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் குறியீடு சூட்டும் வழக்கம்.

எந்தக் கோட்டிலிருந்து வெட்டத் தொடங்குவது, எவ்வளவு சிறிதாக வெட்டுவது, கட்டங்களுக்கு எந்த வரிசையில் பெயர் வைப்பது? இந்தக் கேள்விகளுக்கு நில அளவையாளர்கள் ஒரு விடை சொன்னார்கள். ராணுவத்தார், அஞ்சல் துறையினர், கணினி வல்லுநர்கள் வேறு வேறு விடைகள் சொன்னார்கள். ஆயத்தொலைவைக் கட்டக் குறியீடாக மாற்றும் கணக்கை இன்று எந்தக் கைப்பேசியும் நொடிக்குள் முடித்துவிடும். கணக்கு எளிதானதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

இந்த விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கத் திருவள்ளூர் மாவட்டம் நல்ல களம். கிழக்கு 80 டிகிரி தீர்க்கரேகை இந்த மாவட்டத்தின் ஊடே செல்கிறது. சென்னை–அரக்கோணம் ரயில் பாதையை அது திருநின்றவூருக்கும் திருவள்ளூருக்கும் இடையே வெட்டுகிறது. மணவாள நகர் கோட்டுக்கு மேற்கே ஒன்பது பத்து கிலோமீட்டரில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில். இரண்டுக்கும் நடுவே நேர்த் தொலைவு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டாது. ஒரே ஆட்சியரின் கீழுள்ள இந்த இரண்டு ஊர்களையும் சில குறியீட்டு முறைகள் உறவினராகவும் சில முறைகள் முற்றிலும் அந்நியராகவும் காட்டுகின்றன.

தாள் எண்: நில அளவைத் துறையின் விடை

1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவைப் பணி, பின்னர் இந்தியா முழுவதும் விரிந்தது. அந்த அளவையின் மேல் வரையப்பட்ட நிலப்படங்களை அடுக்கிவைக்க ஓர் ஒழுங்கு தேவைப்பட்டது. இந்திய நில அளவைத் துறை கைக்கொண்ட ஒழுங்கு இது: நாட்டை 4 டிகிரிக்கு 4 டிகிரி சதுரங்களாக வெட்டி, வடக்கிலிருந்து தெற்காக ஒவ்வொரு பத்திக்கும் எண் இடுவது, அந்தச் சதுரத்தை ஒரு டிகிரி அளவுள்ள 16 பங்குகளாக்கி 'ஏ' முதல் 'பி' வரை ஆங்கில அகரவரிசையின் முதல் பதினாறு எழுத்துகளைக் கொடுப்பது, ஒவ்வொரு பங்கையும் கால் டிகிரி அளவில் மறுபடி 16 ஆக்கி 1 முதல் 16 வரை எண் தருவது. எழுத்தும் எண்ணும்கூட மேலிருந்து கீழாகவே இறங்கும்.

இந்த முறையில் மணவாள நகர் 57 ஓ/16 தாளில் விழும். கும்மிடிப்பூண்டியின் தாள் 66 சி/3. முதல் எண்ணே வேறு. 57ஆம் சதுரம் 76 முதல் 80 டிகிரி வரை. அதற்குக் கிழக்கே தொடங்குவது 66. எண்கள் தெற்காக இறங்கிய பிறகே அடுத்த பத்திக்குத் தாவுவதால், பக்கத்துத் தாளின் எண்ணை ஒன்று கூட்டியோ கழித்தோ கண்டுபிடிக்க முடியாது. கணினியில் இதை எழுதுபவர் முதல் எண்ணுக்கு ஒரு அட்டவணையையே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுத்தையும் கடைசி எண்ணையும் மட்டும் வகுத்தலால் பெறலாம்.

தாளை மேசையில் விரித்துப் படிப்பவருக்கு இது குறையே அல்ல. ஓரத்தில் பக்கத்துத் தாள்களின் எண் அச்சாகியிருக்கும். 1 : 50,000 அளவில் ஒரு தாள் கிட்டத்தட்ட 27 கிலோமீட்டர் சதுரத்தைக் காட்டும். ஒரு தொழிற்சாலையின் வாசலைச் சொல்லும் நுணுக்கம் இந்தக் குறியீட்டில் இல்லை. அது வைக்கப்பட்டது தாளைத் தேடி எடுப்பதற்காக. இன்றும் மண், நிலத்தடி நீர், கனிமம் பற்றிய அறிக்கைகளில் இந்தத் தாள் எண்களே இடம் சுட்டுவதால், பழைய ஆவணங்களைக் கணினிக்குக் கொண்டுவரும் எவரும் இவற்றை ஒதுக்க முடியாது.

2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின் வந்த பொதுப் பயன்பாட்டுத் தாள்கள் உலக நிலப்பட மரபின் 4 டிகிரிக்கு 6 டிகிரி கட்டங்களைப் பின்பற்றுகின்றன. அதில் 78 முதல் 84 டிகிரி வரை ஒரே கட்டம். மணவாள நகரும் கும்மிடிப்பூண்டியும் 'டி44' என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிட்டன. நிலத்தில் எதுவும் மாறவில்லை. கத்தி வேறு இடத்தில் விழுந்தது, அவ்வளவே.

மீட்டர் கட்டங்கள்

டிகிரிச் சதுரங்களில் ஒரு குறை: அவை சதுரமே அல்ல. வடக்கே போகப் போகக் கிழக்கு மேற்கு அகலம் சுருங்கும். பீரங்கிக்குத் தூரம் கணக்கிடுபவருக்கும் சாலை போடும் பொறியாளருக்கும் நீளம் சீராக உள்ள கட்டம் வேண்டும். உருண்டையைத் தட்டையாக்கும் வீழல் ஒன்றைத் தேர்ந்து, அதன்மேல் சம அளவுச் சதுரங்களை வரைவது அவர்களின் விடை.

இந்தியாவில் பிரிட்டிஷ் காலத்தில் வந்த லாம்பர்ட் கூம்பு வீழல் மண்டலங்களில் தமிழகத்துக்குரிய 'நான்கு-ஏ' மண்டலத்தின் தோற்றுவாய் வடக்கு 12 டிகிரி, கிழக்கு 80 டிகிரி. அதாவது தாள் எண் மரபு எந்தக் கோட்டில் மாவட்டத்தைப் பிளந்ததோ, அதே கோடு இந்தக் கஜக் கட்டத்தின் நடு அச்சாக நின்றது. அந்த அச்சை ஒட்டிய இடங்களில்தான் கட்டத்தின் வடக்கும் மெய்யான வடக்கும் ஒன்றாகும். ஒரு முறைக்கு ஓரமாக இருப்பது இன்னொரு முறைக்கு மையம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இப்போது பரவலாக உள்ளது யூடிஎம் எனப்படும் குறுக்கு மெர்கேட்டர் வீழல். உலகத்தை 6 டிகிரி அகல மண்டலங்களாக்கும் அம்முறையில் இந்த மாவட்டம் 44ஆம் மண்டலத்தில் இருக்கிறது. அதன் நடு அச்சு 81 டிகிரி. இதன் மேல் கட்டப்பட்ட ராணுவக் கட்டக் குறியீடு நூறு கிலோமீட்டர் சதுரங்களுக்கு இரண்டு எழுத்துகள் தரும். மணவாள நகர் '44பி எல்வி' சதுரத்திலும், கும்மிடிப்பூண்டி '44பி எம்வி' சதுரத்திலும் வருகின்றன. இங்கே வெட்டுக்கோடு 80 டிகிரிக்குச் சற்றுக் கிழக்கே நகர்ந்துவிட்டது. செயற்கைக்கோள் படங்களைப் பயன்படுத்துவோர் இதை நேரில் அறிவார்கள்: ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் இதே சதுரங்களின் பெயரில்தான் தரப்படுகின்றன. மாவட்டம் முழுவதற்கும் படம் வேண்டுமென்றால் ஒன்றுக்கு மேற்பட்ட சதுரங்களை ஒட்ட வேண்டும்.

மீட்டர் கட்டங்களின் பலவீனம் மண்டல எல்லையில் வெளிப்படும். தமிழகத்தை 78 டிகிரிக் கோடு இரண்டாக்குகிறது. கோயம்புத்தூர் 43ஆம் மண்டலம், சென்னை 44. மாநிலம் முழுவதற்குமான ஒரு தரவுத்தளத்தில் இரண்டு மண்டலங்களின் எண்களைக் கலந்து சேமித்தால், தூரக் கணக்கு சத்தமில்லாமல் பொய்யாகிவிடும்.

பகுத்துக்கொண்டே போகும் குறியீடுகள்

கணினிக் காலத்தின் விடை வேறு விதமானது. பெரிய கட்டத்தை வகுத்து, கிடைத்ததை மறுபடி வகுத்து, ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டே போவது. எழுத்து கூடக் கூட இடம் சிறிதாகும். பின்னாலிருந்து எழுத்துகளை நீக்கினால் பெரிய வட்டாரம் கிடைக்கும். இதன் விதையை 1966இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஜி.எம். மார்ட்டன் இட்டார்: அட்சரேகையின் இரும எண்ணையும் தீர்க்கரேகையின் இரும எண்ணையும் ஒன்று விட்டு ஒன்றாகப் பின்னி ஒரே எண்ணாக்கும் உத்தி. 2008இல் குஸ்தாவோ நீமேயர் அதே பின்னலை 32 குறிகளால் எழுதி 'ஜியோஹாஷ்' என்று பொதுவுடைமையாக வெளியிட்டார்.

ஜியோஹாஷில் மணவாள நகர் 'டிஎஃப்2எஃப்' என்றும், கும்மிடிப்பூண்டி 'டிஎஃப்2யூ' என்றும் தொடங்கும். முதல் மூன்று குறிகள் ஒன்றே. ஆவடியும் அதே 'டிஎஃப்2'. ஆனால் 80.15625 டிகிரியில் ஒரு கோடு ஓடுவதால் சென்னை அண்ணா நகர் 'டிஎஃப்3' ஆகிவிடுகிறது. தொடக்க எழுத்துகள் ஒத்திருந்தால் இடங்கள் அருகருகே என்பது உண்மை. ஒத்திராவிட்டால் தொலைவு என்பது உண்மையல்ல. இந்த ஒருவழி உண்மையை இருவழியாக எடுத்துக்கொள்வதே இவ்வகைக் குறியீடுகளைப் பயன்படுத்தும் மென்பொருள்களில் அடிக்கடி நேரும் தவறு.

கூகுளின் சூரிக் அலுவலகத்தில் உருவாகி 2014இல் வெளியான 'பிளஸ் கோடு' இந்தச் சிக்கலை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. அது உலகை முதலில் 20 டிகிரிச் சதுரங்களாகவும், பிறகு ஒரு டிகிரியாகவும், அதன் இருபதில் ஒரு பங்காகவும் வெட்டும். மேற்குக் கோடியிலிருந்து எண்ணினால் 80 டிகிரி சரியாகப் பதின்மூன்றாவது இருபது டிகிரி எல்லை. ஆகவே இம்முறையின் ஆகப் பெரிய வெட்டே திருவள்ளூருக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் விழுகிறது. மணவாள நகரின் குறியீடு '7ஜே5எக்ஸ்' என்று தொடங்க, திருநின்றவூரும் கும்மிடிப்பூண்டியும் சென்னையும் '7எம்52' என்று தொடங்கும்.

பிளஸ் கோடை மக்கள் முழுதாகச் சொல்வதில்லை. முதல் நான்கு குறிகளை விட்டுவிட்டு ஊர்ப் பெயரைச் சேர்ப்பதே வழக்கம். அப்படிச் சுருக்கியதை விரிக்கும்போது, ஊரின் மையத்துக்கு மிக அருகிலுள்ள பொருத்தத்தைத் தேட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை மறந்து, 'திருவள்ளூர்' என்ற பெயருக்குரிய நான்கு குறிகளை அப்படியே முன்னால் ஒட்டும் நிரல், திருநின்றவூரில் உள்ள ஒரு வீட்டை ஒரு டிகிரி மேற்கே தள்ளி ஆந்திரத்தின் சித்தூர் பக்கம் கொண்டுபோய் வைக்கும். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிழை. 80 டிகிரிக் கோட்டிலிருந்து விலகிய ஊர்களில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படாமலே போகலாம்.

இந்திய அஞ்சல் துறை, ஹைதராபாத் ஐஐடியோடும் தேசியத் தொலையுணர்வு மையத்தோடும் சேர்ந்து உருவாக்கிய 'டிஜிபின்' இந்தக் குடும்பத்தின் இளைய உறுப்பினர். 2024 ஜூலையில் கருத்துக் கேட்புக்கு விடப்பட்டு, 2025 மே 27 அன்று பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. உலகத்துக்குப் பதிலாக இந்தியாவை மூடும் ஒரு சதுரத்தை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது: அட்சரேகை 2.5 முதல் 38.5, தீர்க்கரேகை 63.5 முதல் 99.5. இரண்டு பக்கமும் 36 டிகிரி. ஒவ்வொரு படியிலும் நான்குக்கு நான்காக வகுத்து 16 குறிகளில் ஒன்றைக் கொடுக்கும். பத்துப் படிகள் முடிந்ததும் கட்டத்தின் பக்கம் சுமார் 3.8 மீட்டர்.

மணவாள நகருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 13.11இலிருந்து 2.5ஐக் கழிக்க 10.61, முதல் படியின் கட்டம் 9 டிகிரி, ஈவு 1, எனவே கீழிருந்து இரண்டாவது வரிசை. 79.91இலிருந்து 63.5 போக 16.41; ஈவு 1, எனவே இடமிருந்து இரண்டாவது பத்தி. அங்கே இருக்கும் குறி 4. மீதி 1.61, 7.41. அடுத்த கட்டம் 2.25 டிகிரி, ஈவுகள் 0, 3, கீழ் வரிசை, கடைசிப் பத்தி: 'டி'. மூன்றாம் படியில் 0.5625 டிகிரி, ஈவுகள் 2, 1, குறி 3. நான்காம் படியில் வடமேற்கு மூலை, குறி 'எஃப்'. '4டி3-எஃப்' என்று இப்படியே பத்துக் குறிகள் வரை போகும். ஒவ்வொரு படியும் ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், ஓர் அட்டவணைப் பார்வை. பள்ளிக் கணிதம் தெரிந்த எவரும் தாளில் செய்து சரிபார்க்கக்கூடிய ஒரு பொதுக் குறியீடு கிடைத்திருப்பது மதிக்கத்தக்கது.

டிஜிபினில் 80 டிகிரி எல்லையே அல்ல. ஆவடியும் சென்னையும் மணவாள நகரோடு '4டி3' என்றே தொடங்குகின்றன. ஆனால் வெட்டு இல்லாமல் போகவில்லை, திசை மாறியிருக்கிறது. பூண்டி நீர்த்தேக்கத்தின் அட்சரேகையை ஒட்டி, 13.1875 டிகிரியில் கிழக்கு மேற்காக ஒரு கோடு ஓடுகிறது. அதன் வடக்கே உள்ள ஊத்துக்கோட்டை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி மூன்றும் '4டிசி'. டிஜிபின் குறிகளை அடுக்கியிருக்கும் விதம் பக்கத்துக் கட்டங்களுக்கு அடுத்தடுத்த குறிகள் வருமாறு நடுவிலிருந்து சுருளாக விரிகிறது. இது கண்ணுக்கு உதவலாம்; இயந்திரத் தேடலில் அதனால் பெரிய ஆதாயம் இருப்பதாகத் தோன்றவில்லை.

கோளத்தை மதிக்கும் கட்டங்கள்

டிகிரியை வகுக்கும் எல்லா முறைகளிலும் கட்டத்தின் பரப்பு அட்சரேகைக்கு அட்சரேகை மாறும். டிஜிபினின் கடைசிக் கட்டம் திருவள்ளூரில் கிழக்கு மேற்காக 3.7 மீட்டர், காஷ்மீரின் வட கோடியில் மூன்று மீட்டரை ஒட்டி வரும். முகவரிக்கு இது பொருட்டில்லை. ஒரு கட்டத்துக்கு எத்தனை வீடு, எவ்வளவு புகை என்று ஒப்பிடுபவருக்குப் பொருட்டு.

கூகுளின் 'எஸ்2' உருண்டையை ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களில் வீழ்த்தி, ஹில்பர்ட் வளைகோட்டின் வழியே கட்டங்களை எண்ணுகிறது. அந்த வளைகோடு துள்ளாமல் பக்கத்துக் கட்டத்துக்கே நகர்வதால், வரிசை எண்ணில் அடுத்திருப்பவை நிலத்திலும் அடுத்தே இருக்கும். இந்தியா முழுவதும் ஒரே முகத்தில் அடங்குவதால் முக எல்லைத் தொல்லை இங்கே எழாது. உபர் நிறுவனம் 2018இல் திறந்த மூலமாகத் தந்த 'எச்3' அறுகோணங்களைக் கொண்டது. சதுரத்துக்குப் பக்கத்தில் நான்கு, மூலையில் நான்கு என இரண்டு வகை அண்டை. அறுகோணத்துக்கு ஆறும் ஒரே வகை. காற்றில் பரவும் வாயு, சாலையில் நகரும் வண்டி போன்றவற்றைக் கணக்கிட இது வசதி. ஆனால் அறுகோணத்தை அறுகோணங்களாகச் சரியாகப் பிரிக்க இயலாது. சிறியவை பெரியதன் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். உருண்டையை அறுகோணங்களால் மட்டும் மூடவும் முடியாது. ஒவ்வொரு அளவிலும் பன்னிரண்டு ஐங்கோணங்கள் இருந்தே தீரும். இரண்டு முறைகளின் குறியீடுகளும் இயந்திரத்துக்கானவை. வாயால் சொல்லும் வழக்கம் அவற்றுக்கு ஏற்படவில்லை.

சொற்களும் அஞ்சல் எண்களும்

2013இல் லண்டனில் தொடங்கிய 'வாட்த்ரீவேர்ட்ஸ்' உலகை மூன்று மீட்டர் சதுரங்களாக்கி ஒவ்வொன்றுக்கும் மூன்று சொற்களைப் பெயராக வைத்தது. எண்ணைவிடச் சொல் நினைவில் நிற்கும் என்பது அதன் வாதம். அந்த அளவில் அது சரி. ஆனால் அடுத்தடுத்த கட்டங்களின் பெயர்களுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை. எழுத்தை நீக்கிப் பெரிய வட்டாரம் பெறவும் வழியில்லை. மாற்றும் விதி ஒரு தனியார் நிறுவனத்தின் உடைமை. அவசர உதவி போன்ற பொதுப்பணிக்கு இந்தக் கடைசிக் காரணமே போதிய தடை எனலாம்.

1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த பின்கோடு கட்டக் குறியீடே அல்ல. மணவாள நகருக்கு 602002, கும்மிடிப்பூண்டிக்கு 601201 என்பவை அஞ்சல் பிரிக்கும் ஒழுங்கிலிருந்து வந்தவை. எந்த ஆயத்தொலைவிலிருந்தும் கணக்கிட்டுப் பெற முடியாதவை. ஆனாலும் அரை நூற்றாண்டாக ஆயத்தொலைவு தெரியாத கோடிக்கணக்கானோருக்கு அது இடம் சொல்லியிருக்கிறது. நிலத்துண்டுகளுக்கு வழங்கப்படும் 14 இலக்கத் தனி அடையாள எண் இன்னொரு பாதை: அது துண்டின் மூலைகளின் ஆயத்தொலைவை ஆதாரமாகக் கொண்டாலும், பெயர் சூட்டுவது உடைமைக்கு, கட்டத்துக்கு அல்ல. கட்டம் யாருடைய வேலியையும் அறியாது என்பதால் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாது.

மென்பொருளில் பிழை நுழையும் இடங்கள்

சூத்திரங்கள் எளியவை என்பதால் பிழைகள் சூத்திரத்தில் நேர்வது குறைவு. அதற்கு முன்னும் பின்னும் நேர்பவையே மிகுதி.

முதலாவது வரிசை. அட்சரேகை முதலில் வரும் என்று சில தரங்களும், தீர்க்கரேகை முதலில் வரும் என்று ஜியோஜேசன் போன்ற தரங்களும் சொல்கின்றன. மணவாள நகரின் எண்களை மாற்றிப் போட்டால் வடக்கு 80, கிழக்கு 13. ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் பகுதி. டிஜிபின் தன் சதுரத்துக்கு வெளியே என்று இதை மறுத்துவிடும்; உலகளாவிய முறைகள் மறுப்பின்றி ஒரு குறியீட்டைக் கொடுத்துவிடும். எல்லைக்குட்பட்ட தேசியக் குறியீட்டின் ஒரு நன்மை இது.

அடுத்து, டிகிரி நிமிடத்தைப் பதின்மமாகப் படிப்பது. 13 டிகிரி 07 நிமிடம் என்பதை 13.07 என்று உள்ளிட்டால் ஐந்து கிலோமீட்டர் தெற்கே போய்விடும். முடிவு நம்பும்படியான இடத்திலேயே விழுவதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

மூன்றாவது, ஆதாரக் கோளம். பழைய இந்தியத் தாள்கள் எவரெஸ்ட் கோளத்தின் மேல் வரையப்பட்டவை. ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84. மாற்றாமல் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் வட தமிழகத்தில் சுமார் இருநூறு மீட்டர் பிசகும். தாள் எண் கணக்கிடுவதற்கு இது பெரும்பாலும் தொல்லை தராது. நான்கு மீட்டர் கட்டத்தில் இது ஐம்பது கட்டம் தள்ளிப்போவது. இன்னும் பழைய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் சென்னை வானோக்கு நிலையத்தின் தீர்க்கரேகையே ஏறத்தாழ இரண்டரை நிமிடம் கூடுதலாகக் கொள்ளப்பட்டிருந்தது. நிலத்தில் அது நாலரைக் கிலோமீட்டர். பழைய படங்களிலிருந்து ஏரிகளின் கரைகளைக் கணினிக்கு மாற்றும் பணியில் இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால், 80 டிகிரிக்கு அருகிலுள்ள ஓர் ஏரி கோட்டின் மறுபக்கத்துக்கே போய்விடக்கூடும்.

நான்காவது, கட்டத்தின் எண் மூலையைக் குறிக்கிறதா மையத்தைக் குறிக்கிறதா என்பது. இந்திய வானிலைத் துறையின் கால் டிகிரி மழைத் தரவு இதற்கு நல்ல உதாரணம். கட்டப் புள்ளியை மையமாகக் கொண்டால் மணவாள நகரின் தீர்க்கரேகை 80.00 புள்ளிக்குச் சேரும். மேற்கு மூலையாகக் கொண்டால் 79.75க்கு. கனமழை நாளில் அடுத்தடுத்த கட்டங்களின் அளவு வெகுவாக வேறுபடும். தவறான கட்டத்தின் மழையை ஒரு தொழிற்பேட்டையின் வடிகால் கணக்கில் சேர்த்தால், பிழையை எந்த மென்பொருளும் எச்சரிக்காது.

ஐந்தாவது, மிதவைப் புள்ளி எண்கள். கணினி இரண்டின் அடுக்குகளில் எண்ணுகிறது. டிஜிபின் கட்டங்களின் எல்லைகள் 9, 2.25, 0.5625 என்று கால் காலாகவும், ஜியோஹாஷ் எல்லைகள் பாதி பாதியாகவும் இறங்குவதால் இரும எண்ணில் பிசகின்றி எழுத முடிகிறது. பிளஸ் கோடின் எல்லைகள் இருபதில் ஒரு பங்காக இறங்குபவை, 0.05ஐ இருமத்தில் முழுமையாக எழுத முடியாது. எல்லையில் நிற்கும் ஒரு புள்ளி ஒரு கணினி மொழியில் இந்தப் பக்கமும் இன்னொன்றில் அந்தப் பக்கமும் விழக்கூடும். முழு எண்ணாக்கி வகுப்பதே இதற்கு உரிய மருந்து. எல்லைப் புள்ளி எந்தக் கட்டத்துக்குச் சொந்தம் என்ற விதியும் எழுதப்பட்டிருக்க வேண்டும்; டிஜிபின் நிரல் அதைக் கிழக்குக்கும் வடக்குக்கும் தருகிறது.

கடைசியாக, போலி நுணுக்கம். திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைப்பேசியின் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் அளவுக்குத் தவறலாம். தகரக் கூரைக் கொட்டகைக்குள் இன்னும் அதிகம். நான்கு மீட்டர் கட்டத்தைக் குறியீடு சொல்கிறது என்பதால் அந்தக் கட்டம் சரியானது என்று ஆகாது. ஆயத்தொலைவுக்குப் பக்கத்தில் பிழை அளவையும் எழுத முடியும். பத்துக் குறிகளுக்குள் அதற்கு இடமில்லை.

தீராதவை

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் இரசாயன விபத்துக்கான வெளிவளாக அவசரத் திட்டம் வகுக்க 1989, 1996ஆம் ஆண்டு விதிகள் கோருகின்றன. அங்கே எழும் கேள்வி, கசிவு நேர்ந்த இடத்தைச் சுற்றி இத்தனை கிலோமீட்டருக்குள் யார் யார் என்பது. தொடக்க எழுத்துகளை ஒப்பிடும் தேடல் இதற்கு விடை தராது. வட்டத்தைத் தொடும் கட்டங்கள் அனைத்தையும் பட்டியலிட்டு, பிறகு ஆயத்தொலைவால் தூரம் அளந்து வடிகட்ட வேண்டும். கட்டக் குறியீடு தேடலை விரைவாக்குகிறது. தூரத்தின் இடத்தை அது எடுத்துக்கொள்ள இயலாது. ஆகவே குறியீட்டை மட்டும் சேமித்து மூல ஆயத்தொலைவை எறிந்துவிடும் பழக்கம், உயிர் காக்கும் பணிகளில் ஆபத்தானது என்றே சொல்ல வேண்டும்.

உயரம் இன்னொரு தீராத கேள்வி. மேலே விவரித்த எந்த முறையும் மாடியை அறியாது. திருவள்ளூர், ஆவடிப் பகுதிகளில் அடுக்குமாடிகள் பெருகும்போது ஒரே டிஜிபினுக்குள் பல குடும்பங்கள் வரும். ஒரு பெரிய ஆலையோ ஆயிரக்கணக்கான டிஜிபின்களின் மேல் பரவி நிற்கும். எந்தக் கட்டத்தை அதன் முகவரியாகக் கொள்வது, வாசலையா வளாகத்தின் மையத்தையா என்பதைக் குறியீடு தீர்மானிக்காது. அது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு. அந்தரங்கமும் இதோடு சேர்ந்தது. பின்கோடு ஒரு வட்டாரத்தைச் சொன்னது. பத்துக் குறி டிஜிபின் ஒரு படுக்கையறையைச் சொல்லிவிடும். ஆறு குறிகளோடு நிறுத்தினால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் சதுரம். எந்தப் பதிவேட்டில் எத்தனை குறிகள் வரை வெளியிடலாம் என்ற வரையறை, குறியீட்டின் வடிவமைப்பைப் போலவே கவனத்தோடு எழுதப்பட வேண்டியது.

நிலமும் நிற்கவில்லை. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. டபிள்யூஜிஎஸ் 84 உலகக் கட்டமைப்போடு பிணைந்தது, தட்டோடு அல்ல. எனவே இன்று கட்டத்தின் நடுவில் உள்ள ஒரு வாசல் நாற்பது ஆண்டுகளில் கட்டத்தின் ஓரத்தைத் தொடும், எண்பது ஆண்டுகளில் முழுதாக ஒரு கட்டம் தள்ளிப்போகும். 57 ஓ/16 போன்ற தாள் எண்ணுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. வீட்டுக்கு நிரந்தர முகவரி என்று கொடுக்கப்படும் பத்துக் குறிகளுக்குப் பொருட்டாகும். அவற்றை எந்த ஆண்டின் நிலையோடு பிணைத்து வைப்பது, பிணைத்தபின் புதிய அளவீடுகளை அந்த ஆண்டுக்குப் பின்னோக்கித் திருத்தும் வேலையைக் கைப்பேசி மென்பொருள் செய்ய வேண்டுமா, குறியீட்டை வெளியிடும் துறை செய்ய வேண்டுமா என்பதற்கு இன்னும் விடை தேட வேண்டியிருக்கிறது.